உங்களுக்குத் தெரியுமா? – ஒரு நாற்றச் சொல்லின் வம்சாவளி

ஆங்கிலத்தில் அழுக்குக்கு ‘ஃபில்த்’ என்று ஒரு சொல் உண்டு. நாறியது, கெட்டது, முறைகேடானது எல்லாவற்றுக்கும் ‘ஃபவுல்’ என்று இன்னொரு சொல் உண்டு. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாய்ச்சொல்லை ‘ஃபூலஸ்’ என்று மொழியறிஞர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய டென்மார்க், தென் ஸ்வீடன், வட ஜெர்மனிப் பகுதிகளில் வாழ்ந்த ஜெர்மானிய மக்கள் பேசிய சொல் அது. அவர்கள் அதை எழுதி வைக்கவில்லை. பேரப்பிள்ளைகளின் முகச்சாயலைப் பார்த்துப் பாட்டியின் படத்தை வரைவதுபோல, இன்றைய மொழிகளை ஒப்பிட்டுத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். இப்படி மீட்ட சொற்களுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவது அகராதிகளின் வழக்கம். ‘ஏட்டில் இல்லை, கணித்துச் சொன்னது’ என்று அதற்குப் பொருள்.

★

இந்தக் குடும்பத்துக்கு எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று பைபிளில் இருக்கிறது. 4-ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர், கோத் இன மக்களுக்காகப் பைபிளை அவர்கள் மொழியில் பெயர்த்தார். அதற்கென ஓர் எழுத்துமுறையையே உருவாக்கினார். யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தில் லாசருவின் கதை வருகிறது. அவன் இறந்து நான்கு நாளாகிவிட்டது. கல்லறையை மூடிய கல்லை எடுக்கும்படி இயேசு சொல்கிறார். இந்நேரம் நாற்றமெடுத்திருக்குமே என்று சகோதரி மார்த்தாள் தயங்குகிறாள். அந்த இடத்தில் வுல்ஃபிலா போட்ட சொல் ‘ஃபூல்ஸ்’.

அந்த மொழிபெயர்ப்பு நமக்குக் கிடைத்திருப்பதே பெரும் பேறு. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் எழுதப்பட்ட பிரதி அது. ஊதாச் சாயமேற்றிய தோல் ஏடுகளில் வெள்ளி மையாலும் பொன் மையாலும் எழுதியிருக்கிறார்கள். அதனால் ‘வெள்ளிச் சுவடி’ என்றே அதற்குப் பெயர். 1648-ல் ஸ்வீடன் படை பிராக் நகரிலிருந்து அள்ளிச் சென்ற கொள்ளைப் பொருள்களில் அதுவும் ஒன்று. இன்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. காணாமல் போன ஓர் ஏடு 1970-ல் ஜெர்மனியின் ஷ்பையர் பேராலயத்தில் அகப்பட்டது. பிண நாற்றத்தைச் சொல்லும் ஒரு சொல்லை வெள்ளி எழுத்தில் பார்ப்பது எத்தனை அதிசயம்!

★

பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். இன்று அவரவர் நாட்டில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பாருங்கள். இங்கிலாந்தில் ‘ஃபவுல்’ என்றால் நாறியது, கேடானது. நெதர்லாந்தில் ‘ஃபெய்ல்’ என்றால் அழுக்கானது. ஜெர்மனியில் ‘ஃபவ்ல்’ என்றால் அழுகியது, கூடவே சோம்பேறி. ஸ்வீடனில் ‘ஃபூல்’ என்றால் அவலட்சணம். நார்வேயில் அதே ‘ஃபூல்’ தந்திரக்காரனைக் குறிக்கும். ஐஸ்லாந்தில் அது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவன். மூக்கில் தொடங்கிய சொல் ஒரு நாட்டில் கண்ணுக்குப் போயிருக்கிறது, இன்னொரு நாட்டில் குணத்துக்குப் போயிருக்கிறது. எனக்கு இந்த வம்சத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

★

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1843-ல் எழுதிய அழகில்லாத வாத்துக்குஞ்சின் கதை நம் குழந்தைகளுக்கும் தெரியும். ஆண்டர்சன் எழுதிய டேனிஷ் தலைப்பில் இந்தச் சொல் இல்லை. ஸ்வீடிஷ் மொழிபெயர்ப்பின் தலைப்பில் இருக்கிறது: ‘டென் ஃபூலா ஆன்குங்கென்’. கோத்திக்கில் பிணத்துக்குச் சொன்ன சொல்லின் தம்பி, ஸ்வீடனில் அன்னக்குஞ்சுக்கு அடைமொழியாகிவிட்டான்.

★

ஜெர்மன்காரர்கள் இந்தச் சொல்லை வைத்து ஒரு குடும்பமே நடத்துகிறார்கள்.

அழுகிக் கிடக்கும் பொருள் அசையாது, ஒன்றுக்கும் உதவாது. அங்கிருந்துதான் சோம்பேறி என்ற பொருள் கிளைத்தது. மரத்தில் தலைகீழாகத் தொங்கி நாளெல்லாம் தூங்கும் தேவாங்கு போன்ற அந்தத் தென்னமெரிக்க விலங்கு அவர்களுக்கு ‘ஃபவ்ல்டியர்’, அதாவது சோம்பேறி மிருகம். சோம்பேறி ஆளைத் திட்ட ‘ஃபவ்ல்பெல்ட்ஸ்’ என்பார்கள். ‘பெல்ட்ஸ்’ என்றால் விலங்கின் ரோமத்தோல். கெட்டுப்போன சாப்பாட்டின் மேல் ரோமம்போல் படரும் பூஞ்சணம்தான் இந்த வசவின் மூலப்பொருள் என்று விளக்குவார்கள். நொண்டிச் சாக்கும் அவர்களுக்கு அழுகியதுதான். நம் வங்கிகள் வாராக்கடன் என்று சொல்வதை ஜெர்மன் நாளேடுகள் ‘அழுகிய கடன்’ என்றே எழுதுகின்றன.

மலைக்கும் இந்தப் பெயர் உண்டு. சுவிட்சர்லாந்தில் கிரிண்டல்வால்டுக்கு மேலே, சுமார் 2,680 மீட்டர் உயரத்தில் ‘ஃபவ்ல்ஹார்ன்’ என்று ஒரு சிகரம் நிற்கிறது. தொட்டால் உதிரும் பாறை கொண்ட மலை என்பதால் அந்தப் பெயர் வந்தது. மரத்துக்கும் உண்டு. ‘ஃபவ்ல்பவ்ம்’ என்ற குட்டை மரத்தின் பட்டையில் அழுகல் வாடை அடிக்கும். பச்சைப் பட்டையைத் தின்றால் வாந்திதான். ஓராண்டு காயவைத்தால் அதே பட்டை பேதி மருந்து. அந்த மரத்தை எரித்த கரியோ, வெடிமருந்து செய்பவர்கள் தேடித் தேடி வாங்கியது. ‘வெடிமருந்துக் கட்டை’ என்று அதற்கு மறுபெயரே உண்டு.

ஹாம்பர்க் துறைமுகப் பக்கம் படகில் போனால் முட்டை வடிவத்தில் ராட்சதத் தொட்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். நகரத்துச் சாக்கடைக் கசடு அவற்றுக்குள் அழுகி எரிவாயு தருகிறது. அவற்றின் பெயர் ‘ஃபவ்ல்ட்யூர்ம’, அழுகல் கோபுரங்கள். பழைய சொல் இங்கே பழைய பொருளிலேயே உழைக்கிறது.

★

‘ஃபவுல்’ எப்படி ‘ஃபில்த்’ ஆனது? நாம் கரு என்பதோடு ‘மை’ சேர்த்துக் கருமை என்கிறோம். பழைய ஆங்கிலேயர்கள் அதேபோல ஒரு விகுதியை ஒட்டிப் பண்புப்பெயர் செய்தார்கள். ‘லாங்’ என்பது ‘லெங்த்’ ஆனது, ‘ஸ்ட்ராங்’ என்பது ‘ஸ்ட்ரெங்த்’ ஆனது. அந்த விகுதியில் முன்பு ஓர் இகரம் இருந்தது. அது முன்னால் நின்ற உயிரைத் தன் பக்கம் இழுத்துவிட்டுத் தான் மறைந்துபோனது. ‘மவுஸ்’ பன்மையில் ‘மைஸ்’ ஆவதற்கும் இதே இகரத்தின் இழுப்புதான் காரணம்.

★

எலிக்கும் வீட்டுக்கும் அழுக்குக்கும் ஒலியில் ஒரே விதி! ஆங்கிலத்தில் மவுஸ், ஹவுஸ், ஃபவுல். ஜெர்மனில் மவ்ஸ், ஹவ்ஸ், ஃபவ்ல். டச்சில் மெய்ஸ், ஹெய்ஸ், ஃபெய்ல். ஸ்வீடிஷில் மூஸ், ஹூஸ், ஃபூல். வரிசை எங்கேயும் தப்பவில்லை. இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாஸரின் காலத்து ஆங்கிலேயரும் ‘ஃபூல்’ என்றுதான் சொல்லியிருப்பார்.

★

இனி இந்த வம்சத்தின் இந்தியக் கிளைக்கு வருவோம்.

டென்மார்க்கின் ராஸ்மஸ் ராஸ்க் 1818-லும், ஜெர்மனியின் யாக்கோப் கிரிம் 1822-லும் ஒரு விதியைச் சொன்னார்கள். கிரிம் வேறு யாருமல்ல, தேவதைக் கதைகளைத் தொகுத்த சகோதரர்களில் மூத்தவர். சமஸ்கிருதத்திலும் லத்தீனிலும் கிரேக்கத்திலும் சொல்லின் முதலில் பகரம் வந்தால், ஜெர்மானிய மொழிகளில் அது ‘ஃப’ ஆகிவிடும் என்பது அந்த விதியின் ஒரு பகுதி. பிதா – ஃபாதர். பாதம் – ஃபுட். பஞ்ச – ஃபைவ். இந்தச் சமஸ்கிருதச் சொற்கள் நமக்கும் பழகியவை என்பதால் ஒற்றுமை சட்டென்று காதில் விழுகிறது.

அந்த விதிப்படி ‘ஃபூலஸ்’ என்பதற்கு உறவாக, பகரத்தில் தொடங்கும் ஒரு சமஸ்கிருதச் சொல் இருந்தாக வேண்டும். இருக்கிறது. அழுகி நாறுவது ‘பூதி’. சீழ் ‘பூய’. லத்தீனில் சீழுக்குப் ‘பூஸ்’, கிரேக்கத்தில் ‘பியோன்’. லிதுவேனிய மொழியில் அழுகுதல் என்பதற்கு இன்றைக்கும் ‘பூதி’ என்றே சொல்கிறார்கள். பால்டிக் கடலோரத்தில் ஒரு குடியானவர் அழுகிய உருளைக்கிழங்கைப் பார்த்துச் சொல்லும் சொல்லும் சமஸ்கிருத நூல்களில் உள்ள சொல்லும் ஒரே ஒலியில் ஒலிக்கின்றன.

தமிழ் இந்தக் குடும்பத்து மொழி அல்ல. அழுகல், ஊழ்த்தல், நாற்றம், சீழ் எல்லாம் நம் சொந்தச் சொத்து. இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். திருநீற்றுக்கு நாம் சொல்லும் பூதி முற்றிலும் வேறு சொல். விபூதியில் இருப்பதும் அதுதான். செல்வம், மேன்மை என்று பொருள்படும் சொல் அது. சமஸ்கிருதத்தில் இரண்டுக்கும் முதலெழுத்தே வேறு. நம் எழுத்தில் ஒரே பகரம் என்பதால் ஒன்றுபோலத் தெரிகிறது.

★

பாலி மொழியில் ‘பூதிமுத்த’ என்று ஒரு மருந்து உண்டு. நாள்பட்ட பசுமூத்திரம் அது. பௌத்தத்தில் துறவு ஏற்பவரிடம் நான்கு ஆதாரங்களைச் சொல்வார்கள். உணவுக்குப் பிச்சை, உடைக்குக் குப்பைக் கந்தல், உறைவிடத்துக்கு மரத்தடி, மருந்துக்குப் பூதிமுத்தம். இதற்குமேல் கிடைப்பதெல்லாம் உபரி. இலங்கையிலும் பர்மாவிலும் தாய்லாந்திலும் தேரவாதப் பிக்குகள் கேட்கும் அந்த நான்கில் ஒன்றுக்குள் நம் கதையின் சொல் உட்கார்ந்திருக்கிறது.

★

பூதி, பூய, பூஸ் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் ‘பூ’ என்ற வேர், நாற்றம் பட்டதும் உதட்டைக் குவித்து ஊதித் தள்ளும் ஒலியிலிருந்தே பிறந்திருக்கலாம் என்பது மொழியறிஞர் சிலரின் கருத்து. ஜெர்மன்காரர் ‘ப்ஃபூய்’ என்பார், ஆங்கிலேயர் ‘ஃபியூ’ என்பார்.

★

ஒலி ஒத்திருந்தாலும் உறவில்லாத சொற்கள்: முட்டாளைக் குறிக்கும் ‘ஃபூல்’ லத்தீனில் துருத்தியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. கோழியைக் குறிக்கும் ‘ஃபௌல்’ பழைய ஜெர்மானியத்தில் பறவை. இரண்டும் இந்தக் குடும்பத்தில் சேராது.

★

1066 என்றால் இங்கிலாந்தின் வரலாற்றில் ஹேஸ்டிங்ஸ் போர். அதே ஆண்டில் அதற்கு முன்னால் இரண்டு பெரும் போர்கள் நடந்தன. முதலாவது செப்டம்பர் 20-ஆம் தேதி, யார்க் நகருக்குத் தெற்கே ஃபுல்ஃபோர்டு என்ற இடத்தில். நார்வே மன்னர் ஹரால்டு ஹார்ட்ராடா ஆங்கிலப் பிரபுக்கள் எட்வின், மோர்கார் இருவரின் படையையும் அங்கே முறியடித்தார். ஐந்தே நாளில் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் அவரே மாண்டார். ஃபுல்ஃபோர்டு என்றால் சேறும் அழுக்குமான ஆற்றுத்துறை. லிங்கன்ஷயரில் ஃபுல்பெக், ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஃபுல்புரூக் என்ற ஊர்களுக்கும் இதே கதை. அழுக்கு ஓடை என்பதுதான் அவற்றின் பொருள்.

★

மரநாய் ஜாதியில் போல்கேட் என்று ஒன்று. மிரண்டால் வால் அடியிலிருந்து குமட்டும் திரவத்தை விடும். அதன் பழைய ஆங்கிலப் பெயர் ‘ஃபூமார்ட்’, நாறும் மார்ட்டன் (மரநாய்). விலங்கியல் பெயர் முஸ்டெலா புட்டோரியஸ். புட்டோரியஸ் லத்தீனில் நாற்றத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, அதற்கும் வேர் அதே ‘பூ’. பெயர் வைத்தவர் இருவரும் தெரியாமலே ஒரே வேரைத் தொட்டிருக்கிறார்கள்.

★

கடலில் ‘ஃபவுல்’ என்றால் சிக்கிக்கொண்டது என்றும் பொருள். தன் கயிறே சுற்றிச் சிக்கிய நங்கூரம் மாலுமிக்குப் பெரும் தொல்லை. அந்தச் சிக்கிய நங்கூரம்தான் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையின் பழம்பெரும் சின்னம்!

கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் பார்னக்கிள் என்ற ஓட்டுயிரும் அப்பிக்கொள்வதற்கும் இதே சொல்தான். அடி அழுக்கேறினால் வேகம் குறையும், எரிபொருள் கூடும். மரக்கப்பல் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை அடிப்பாகத்துக்குத் தாமிரத் தகடு அடித்தது. 1761-ல் ‘அலாரம்’ என்ற போர்க்கப்பலில் அதைச் சோதித்தார்கள். தகடு கடல்நீரில் அரித்துக்கொண்டே போனது. 1824-ல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி ஒரு வழி சொன்னார். தாமிரத்தோடு இரும்புத் துண்டையோ துத்தநாகத் துண்டையோ இணைத்தால் அது கரையும், தாமிரம் தப்பும். அப்படியே தப்பியது. தப்பிய தாமிரத்தின் மேல் பார்னக்கிள்கள் மளமளவென்று வளர்ந்துவிட்டன. தாமிரம் சிறிது சிறிதாகக் கரைந்ததுதான் அதுவரை அவற்றை அண்டவிடாத நஞ்சு. டேவியின் கருத்து வீணாகவில்லை. இன்று எஃகுக் கப்பல்களையும் நிலத்தடிக் குழாய்களையும் துருப்பிடிக்காமல் காப்பது அதே முறைதான்.

20-ஆம் நூற்றாண்டில் டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த வர்ணம் வந்தது. கப்பல் சுத்தமாக இருந்தது, கடல் கெட்டது. பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பிகள் இனப்பெருக்கம் செய்ய முடியாமல் போயின, ஓடுகள் தாறுமாறாகத் தடித்தன. 1982-ல் பிரான்ஸ் சிறு படகுகளில் அந்த வர்ணத்துக்குத் தடை போட்டது. உலக அளவிலான ஒப்பந்தம் 2001-ல் ஏற்கப்பட்டு 2008-ல்தான் நடைமுறைக்கு வந்தது. இருபத்தாறு ஆண்டுத் தாமதத்துக்குக் கடல் கொடுத்த விலை பெரிது.

நம் கல்பாக்கத்திலும் இந்தத் தொல்லை உண்டு. அணுமின் நிலையத்தைக் குளிர்விக்கக் கடலடிச் சுரங்கம் வழியாகக் கடல்நீர் எடுக்கிறார்கள். அந்தச் சுரங்கச் சுவரில் பச்சைச் சிப்பிகள் கொத்துக் கொத்தாகப் பிடித்துக்கொள்ளும். குளோரின் விட்டு அவற்றைக் கட்டுப்படுத்துகிறார்கள். கடல்வாழ் உயிர்கள் ஒட்டி வளர்வதைப் பற்றிக் கல்பாக்கம் ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள்.

★

கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் குழிக்குள் போனால் நம் பிள்ளைகள் ‘ஃபவுல்’ என்று கத்துகிறார்கள். கபடியிலும் கால்பந்திலும் அதே கூச்சல். அழுக்கு முதலில் அறக்கேடு ஆனது, பிறகு ஆட்டத்தில் முறைகேடு ஆனது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்துக்கு 13 விதிகள் எழுதினார். ஓர் அணி அடுத்தடுத்து மூன்று ‘ஃபவுல்’ செய்தால் எதிரணிக்கு ஒரு கோல் என்பது அவற்றில் ஒன்று. பேஸ்பாலில் மட்டும் இந்தச் சொல்லுக்குக் குற்ற வாடையே இல்லை. அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போனாலே ‘ஃபவுல்’.

★

தேனீ வளர்ப்பவர்களை நடுங்கவைக்கும் நோய் ஒன்று: ‘அமெரிக்கன் ஃபவுல்புரூட்’. அழுகிய குஞ்சு என்று சொல்லலாம். பேனிபேசில்லஸ் லார்வே என்ற பாக்டீரியா புழுவின் குடலில் முளைத்து அதைக் கொல்கிறது. அடையின் மூடிகள் கருத்து, உள்வாங்கி, ஓட்டை விழுந்து கிடக்கும். சோதிப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு தீக்குச்சியை அந்த அறைக்குள் விட்டுச் சுழற்றி மெல்ல வெளியே இழுக்க வேண்டும். உள்ளே செத்த புழு காப்பி நிறப் பசையாகி, நூலாக நீண்டு வரும். நூல் வந்தால் நோய்தான். கூடவே பழைய வஜ்ஜிரம்போல ஒரு கெட்ட வாடை. இதன் வித்துகள் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும் என்பதால், பல நாடுகளில் கூட்டைத் தேனீயோடு சேர்த்து எரித்துவிடச் சொல்வார்கள்.

★

லத்தீன், கிரேக்கக் கிளைகளில் சில உறவினர்கள்.

காய்ந்த பூவும் வாசனைப் பொருளும் கலந்து கிண்ணத்தில் வைக்கும் ‘போப்புரி’ பிரெஞ்சில் ‘அழுகிய பானை’ என்று பொருள்படும். ஸ்பெயின் நாட்டின் ஒரு குழம்புப் பெயரை அப்படியே பெயர்த்ததால் வந்தது. நாற்றத்தின் பேத்தி நறுமணத்துக்குப் பெயராகிவிட்டாள்.

அழுகும் சதையின் வாடைக்குக் காரணமான சேர்மங்களில் ஒன்று புட்ரெசின். 1885-ல் பெர்லின் மருத்துவர் லுட்விக் பிரீகர் அதைக் கண்டறிந்து பெயரிட்டார். ஈறில் சீழ் கட்டும் பயோரியாவின் முதல் பாதியும் இந்த வேர்தான்.

சீழைப் பற்றி ஒரு செய்தி. பல நூற்றாண்டுகளாக மருத்துவர்கள் காயத்தில் கெட்டியான வெண்சீழ் வந்தால் நல்ல சகுனம் என்று நம்பினார்கள். ‘மெச்சத்தக்க சீழ்’ என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். கிளாஸ்கோவில் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் அதை ஏற்கவில்லை. கார்லைல் நகரில் சாக்கடை நீரில் கார்பாலிக் அமிலம் விட்டதும் நாற்றம் அடங்கியது என்று அவர் கேள்விப்பட்டார். சாக்கடை அழுகுவதை நிறுத்தும் மருந்து காயம் அழுகுவதையும் நிறுத்தலாமே! 1865 ஆகஸ்டில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வந்த 11 வயதுச் சிறுவனுக்கு, கார்பாலிக் தோய்த்த துணியால் கட்டுப் போட்டார். அந்நாளில் அப்படிப்பட்ட காயத்துக்குப் பெரும்பாலும் காலையே வெட்டிவிடுவார்கள். சிறுவன் சில வாரங்களில் சீழ் வைக்காமல் குணமாகி நடந்து போனான். 1867-ல் லிஸ்டர் தன் முடிவுகளை லான்செட் இதழில் வெளியிட்டார்.

★

இன்று ஆங்கிலத்தில் அழுக்குக்கு அதிகம் புழங்கும் ‘டர்ட்’ இந்தக் குடும்பம் அல்ல. பழைய நார்ஸ் மொழியில் மலத்தைக் குறித்த ‘டிரிட்’ அது. இங்கிலாந்துக்கு வந்தபின் எழுத்துகள் இடம் மாறிக்கொண்டன. நம்மிடம் தசை – சதை, விசிறி – சிவிறி இல்லையா, அதேதான். ‘பேர்ட்’ என்ற பறவையும் முன்பு ‘பிரிட்’.

★

கடைசியாக, இந்த வம்சத்திலேயே எனக்கு மிகவும் மதிப்புக்குரிய ஓர் உயிர்.

வட அட்லாண்டிக்கில் ஃபுல்மர் என்ற கடற்பறவை வாழ்கிறது. பார்வைக்குச் சாம்பலும் வெள்ளையுமாகக் கடற்காகம்போல இருக்கும். பழைய நார்ஸில் ‘ஃபூல்’ என்றால் நாறும், ‘மார்’ என்றால் கடற்காகம். கூட்டை நெருங்கினால் வயிற்றிலிருந்து மஞ்சள் எண்ணெயை ஒன்றிரண்டு மீட்டர் தூரம் பீய்ச்சும். பஞ்சுபோல இருக்கும் குஞ்சும் பீய்ச்சும். மீன் வாடை வீசும் அந்த எண்ணெய் எதிரிப் பறவையின் சிறகில் பட்டால், இறகுகள் ஒட்டிக்கொண்டு தண்ணீர் புகும். அந்தப் பறவை பிழைப்பது கடினம்.

மனிதர்களுக்கு அதே எண்ணெய் வாழ்வு கொடுத்தது. ஸ்காட்லாந்துக்கு மேற்கே நடுக்கடலில் இருக்கும் செயின்ட் கில்டா தீவின் மக்கள் செங்குத்துப் பாறைகளில் கயிறு கட்டி இறங்கி ஃபுல்மர் பிடித்தார்கள். எண்ணெயை விளக்குக்கும் மருந்துக்கும் வைத்துக்கொண்டார்கள், இறகை நில உடைமையாளருக்குக் குத்தகையாகக் கொடுத்தார்கள், கறியை உப்பிட்டுக் குளிர்காலத்துக்குச் சேர்த்தார்கள். கடைசியில் மிஞ்சிய 36 பேர் 1930 ஆகஸ்ட் 29-ஆம் தேதி தீவைக் காலி செய்து கப்பல் ஏறினார்கள்.

1878 வரை பிரிட்டனில் ஃபுல்மர் முட்டையிட்டது செயின்ட் கில்டாவில் மட்டும்தான். அந்த ஆண்டு ஷெட்லாந்தின் ஃபௌலா தீவுக்குப் பரவியது. பெயரைப் பார்த்து நாற்றத் தீவு என்று எண்ண வேண்டாம். ஃபௌலா என்றால் பறவைத் தீவு.

இந்தப் பறவையின் ஆயுளும் வியப்புதான். ஸ்காட்லாந்து ஆய்வாளர் ஜார்ஜ் டனெட் 1951-ல் ஆர்க்னியின் ஐன்ஹாலோ தீவில் ஒரு ஃபுல்மரைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொண்டார். 1986-ல் அதே பறவையோடு இன்னொரு படம். முதல் படத்தில் அவர் இளைஞர், இரண்டாவதில் தலை நரைத்தவர். பறவை இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கிறது.

ஃபுல்மர் நடுக்கடலில்தான் இரை தேடும். நீர்ப்பரப்பில் மிதப்பதைக் கொத்தி விழுங்கும். விழுங்கிய பிளாஸ்டிக்கை எளிதில் கக்குவதில்லை, அது இரைப்பையிலேயே தங்கி நாளடைவில் தேய்கிறது. அதனால் வட கடலைச் சுற்றியுள்ள நாடுகள் கரை ஒதுங்கும் இறந்த ஃபுல்மர்களின் இரைப்பையைத் திறந்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கைக் கழுவி, உலர்த்தி, எடை போடுகின்றன. பாட்டில் மூடித் துணுக்கு, பலூன் கிழிசல், மீன்பிடிக் கயிற்று நூல், ஆலைக்குப் போகும் பிளாஸ்டிக் மணிகள் எல்லாம் வருகின்றன. வடகிழக்கு அட்லாண்டிக்கைக் காக்கும் ஆஸ்பார் உடன்படிக்கை இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. 0.1 கிராமுக்கு மேல் பிளாஸ்டிக் சுமக்கும் ஃபுல்மர்கள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். அந்த இலக்கை வட கடல் இன்னும் எட்டவில்லை.